ஒரே மலை, இரண்டு கோப்புகள்

(பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகளும் இறுதியில் நடந்த கேள்வி-பதிலும் இங்கே விடப்பட்டுள்ளன.)



காலநிலை மாற்றம் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தார்கள். அதனோடு காற்று மாசையும் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டேன். "காற்று மாசு கொழும்புக்காரர் பிரச்சினை அல்லவா, இங்கே காற்று நன்றாகத்தானே இருக்கிறது" என்றார் அழைக்க வந்த நண்பர். அவருக்குச் சொன்ன பதில்தான் நீண்டு இன்றைய உரையாகியிருக்கிறது.

இந்த மண்டபத்தின் வாசலில் நின்று மலையைப் பாருங்கள். கீழே தேயிலை. அதற்கு மேலே மானாப்புல். அதற்கும் மேலே பைனஸ். முகட்டுக்கு அப்பால் ஹோர்டன் சமவெளிக் காடு. இது ஒரே மலை. இந்த மலையில் ஆகஸ்டில் எழும் புகை அரசாங்கத்தின் ஒரு கோப்பில் இருக்கிறது. நவம்பரில் இறங்கும் மண் இன்னொரு கோப்பில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்பின் புகைக்குக் கோப்பே இல்லை. காற்றையும் காலநிலையையும் அரசு ஒரே மேசையில் வைத்து நிர்வகிக்க வேண்டும், அந்த மேசை கொழும்போடு நின்றுவிடாமல் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகத்திலும் போடப்பட வேண்டும் என்பதே என் கருத்து. அதை ஐந்து படிகளில் சொல்கிறேன்.

1. கச்சானும் ஐப்பசி மழையும்

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் வாங்கித் தந்தது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்று. அந்த மாதங்களில் கொழுந்து மெதுவாக வளரும், சாறு செறியும், ஏலத்தில் விலை ஏறும். அதே காற்றுத்தான் மானாப்புல்லைச் சருகாக்கி நெருப்புக்குத் தயாராக வைக்கிறது. மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டும் என்று வைக்கும் தீ, வேட்டைக்கு வைக்கும் தீ, வீதியோரம் வீசும் பீடித்துண்டு என எதிலிருந்து தொடங்கினாலும் கச்சான் அதை முகடுவரை கொண்டுபோய்விடும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் பிற்பகல், அப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாக வந்துகொண்டிருந்தேன். வீதிக்கு மேலே சரிவில் தீ. வண்டியை நிறுத்தி ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அது தங்கள் எல்லைக்குள் வரும் காடு அல்ல என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், அது தோட்டக் காணி, நிர்வாகத்திடம் பேசுங்கள் என்றார்கள். மூன்றாமிடத்தில், வீடுகளை நெருங்கினால் உடனே சொல்லுங்கள் என்றார்கள். மூவரும் மரியாதையாகப் பேசினார்கள். தத்தம் எல்லைக் கோட்டின்படி மூவர் சொன்னதும் சரியாகவே இருக்கக்கூடும். நான் மூன்றாவது அழைப்பை முடிப்பதற்குள் தீ பைனஸுக்குள் புகுந்துவிட்டது. பைனஸ் மரம் எரியும்போது வெடிக்கும் ஓசை, கல்லுடைக்கும் இடத்தில் கேட்பது போல இருந்தது. கடைசியில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் பச்சைக் கிளைகளை ஒடித்து வந்து, முகத்தில் சாரத்தைச் சுற்றிக்கொண்டு, இரவு எட்டு மணிவரை அடித்து அணைத்தார்கள்.

அன்று எரிந்ததில் மூன்று கணக்குகள் இருக்கின்றன. மலையில் தேங்கியிருந்த கார்பன் வானுக்குப் போனது. அது காலநிலைக் கணக்கு. நுண்துகள் பள்ளத்தாக்கு லயங்களுக்குள் இறங்கியது. அது காற்றுக் கணக்கு. வேரும் சருகும் போய் மேல்மண் மொட்டையாக நின்றது. அது மண்சரிவுக் கணக்கு. இரண்டு மாதம் கழித்து ஐப்பசி மழை அதே மொட்டைச் சரிவில் விழும். எல்லாச் சரிவும் தீயால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்துச் சொல்லப்போகும் மீரியபெத்த மண்சரிவைப் பற்றி அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் வேர் பிடித்திருக்கும் மண்ணும் வேர் எரிந்த மண்ணும் மழையை ஒரே மாதிரித் தாங்குவதில்லை என்பதை மம்பட்டி பிடித்த எவரும் அறிவார்கள்.

2. மழைக்கு இருக்கும் எண்

மீரியபெத்த. இந்தப் பெயரை இந்த ஊரில் குரலைத் தாழ்த்தாமல் எவரும் சொல்வதில்லை. 2014 ஒக்டோபர் 29, காலை ஏழு மணி கடந்து சிறிது நேரம். பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டார்கள். மேலேயிருந்து மலை வந்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் போனதால் பிழைத்த பிள்ளைகள் மாலையில் திரும்பி வர வீடு இல்லை. அதற்கு ஐந்து வாரம் முன்புதான், செப்டெம்பர் 20 ஆம் திகதி, ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்திருந்தது. ஒவ்வொரு லயத்துக்கும் வாக்குக் கேட்டு ஆட்கள் வந்துபோயிருந்தார்கள்.

அங்கே ஆபத்து இருப்பதை 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. போவதற்கு இடம் இல்லை. வேலையும் வீடும் ஒரே தோட்டத்தில் கட்டப்பட்ட வாழ்க்கையில் "எழுந்து போ" என்று சொல்வது எவ்வளவு பெரிய சொல் என்பதை இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இருந்தும் அந்த நிறுவனம் மழைக்கு ஓர் எண்ணைத் தந்திருக்கிறது. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 தாண்டினால் வெளியேறத் தயார். 150 தாண்டினால், அல்லது ஒரே மணியில் 75 பெய்தால், வெளியேறு. எளிய மழைமானிகள் மலைநாட்டுக் கிராமங்களுக்கும் வந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் மானியில் உள்ள கோட்டைப் பார்த்துப் பக்கத்து லயத்தை எழுப்பிவிட முடியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் இறங்கின. அந்த இரவுகளில் எண்ணைக் கேட்டு வெளியேறிப் பிழைத்தவர்களும் உண்டு, கேட்டும் போக முடியாமல் போனவர்களும் உண்டு. எண் மட்டும் போதாது. ஆனால் எண்ணே இல்லாத இடத்தில் பேச்சைத் தொடங்கக்கூட வழியில்லை.

காற்றுக்கும் இந்த நாட்டில் எண் உண்டு. 2008 ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி நுண்துகள் 2.5 (PM2.5) என்பது 24 மணிநேரச் சராசரியாக ஒரு கனமீற்றரில் 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, ஆண்டுச் சராசரியாக 25ஐத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் தன் வழிகாட்டலை இறுக்கி 15 என்றும் 5 என்றும் வைத்தது. சரி, 50 தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரதேசத்தில் யார், யாரை, எதற்காக எழுப்ப வேண்டும்? அதை எழுதி ஒட்டிய பலகை ஒன்றையும் நான் எந்த அலுவலகச் சுவரிலும் பார்த்ததில்லை.

மழையை அளக்கும் அதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனந்தான் காற்றையும் அளக்கிறது என்பது உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். 2022 டிசம்பரில் வங்கக் கடலில் மண்டோஸ் புயல் நின்றபோது வடக்கிலிருந்து அழுக்குக் காற்று நாட்டின்மேல் இறங்கியது. அளவீட்டைப் பார்த்து டிசம்பர் 9 அன்று நாடெங்கும் பள்ளிகளை மூடினார்கள். அன்று எண் கட்டளையானது. கட்டளைக்கு ஆள் இருந்தார்கள். அந்த ஒரு நாளில் முடிந்தது ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஏன் முடியாது?

3. கணக்கில் வராத அடுப்பு

என் உரையின் நடுப்பகுதி இதுதான். இதில் சற்று அதிகம் நிற்கிறேன்.

நான் பிறந்த லயக்காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. இஸ்தோப்பின், அதாவது முன் விறாந்தையின், ஒரு மூலையைப் பலகையால் அடைத்து அடுப்பு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன் ரொட்டி தட்டி, தேத்தண்ணி வைத்து, பகலுக்கும் கட்ட வேண்டும். அதனால் அம்மா நாலரை மணிக்கு எழுவார். மழை மாதங்களில், தேயிலைச் செடியை வெட்டிய கவ்வாத்து மிலாறு ஈரமாக இருக்கும். ஈர மிலாறு எளிதில் பிடிக்காது, புகையும். அம்மா ஊதுகுழலை வைத்து ஊதி, முகத்தைத் திருப்பி மூச்செடுத்து, மறுபடி ஊதுவார். நாங்கள் பாயில் படுத்தபடியே இருமுவோம். அந்த இருமலை நாங்கள் நோய் என்று நினைத்ததில்லை, விடிவதற்கான சத்தம் என்றே நினைத்தோம். கூரைத் தகரத்தின் உட்புறம் கரி படிந்திருக்கும். விரலால் தொட்டால் பிசினைப் போல ஒட்டும். அதே கரி அம்மாவின் நெஞ்சுக்குள்ளும் படிந்திருந்தது என்பதைப் பல வருடம் கழித்து, மருத்துவர் படத்தைத் தூக்கிக் காட்டியபோதுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

உலகெங்கும் வீட்டுக்குள் எழும் புகையால் 2020 இல் 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 2012 குடிசன மதிப்பீட்டின்போது நான்கில் மூன்று வீடுகளுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. 2022 பொருளாதார நெருக்கடியில் கேஸ் கிடைக்காதபோது, விறகை விட்டுப் போனவர்களும் அதற்கே திரும்பினார்கள்.

இந்தப் புகை நாட்டின் காலநிலைக் கணக்கில் எங்கே இருக்கிறது? காலநிலை உடன்படிக்கைகளின் கீழ் நாடுகள் கணக்குக் கொடுப்பது காபனீரொட்சைட், மீதேன், நைதரசு ஒட்சைட்டு முதலான ஏழு வகை வாயுக்களுக்கு. அடுப்புப் புகையில் உள்ள கரித்துகள் அந்தப் பட்டியலில் இல்லை. விறகிலிருந்து வரும் காபனீரொட்சைட்டை எரிசக்தித் துறையின் கூட்டுத்தொகையில் சேர்ப்பதில்லை. மரம் மறுபடி வளர்ந்து அதை எடுத்துக்கொள்ளும் என்பது எண்ணம், அதைக் காட்டுக் கணக்கில் பார்த்துக்கொள்வார்கள். ஆக, ஈர மிலாறை ஊதி எரிக்கும் அம்மாவின் அடுப்பு எரிசக்திக் கணக்கில் ஏறக்குறையச் சுத்தமான அடுப்பு. அவர் நாளைக்குக் கேஸுக்கு மாறினால் நெஞ்சு தப்பும். ஆனால் இறக்குமதி எரிபொருள் கூடியது என்று காலநிலை மேசையில் ஒரு குறி விழும். காற்று மேசை மகிழும் இடத்தில் காலநிலை மேசை முகம் சுளிக்கும். இரண்டு மேசைக்காரரும் ஒருவரோடொருவர் பேசாவிட்டால், நடுவில் அந்த அம்மா ஊதிக்கொண்டே இருப்பார்.

தொழிற்சாலைப் புகைபோக்கியிலும் இதே கதை. ஒரு கிலோ தேயிலையை உலர்த்தி எடுக்க ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு போகிறது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது தொழிற்சாலைகள் எண்ணெயை விட்டு விறகுக்கு மாறின. இன்றைய காலநிலைக் கணக்குப்படி அது நல்ல மாற்றம். அந்தப் புகைபோக்கிக்குக் கீழ்க்காற்றில் இருக்கும் லயத்துக்கு அது நல்ல மாற்றமா என்று கேட்கும் வேலை வேறொருவருடையது. விறகை நன்றாகக் காயவைத்து, சீராக வெட்டி, காற்றோட்டம் சரியாக உள்ள உலையில் இட்டால் விறகும் குறையும் புகையும் குறையும். இரண்டு மேசைக்கும் ஒரே நேரத்தில் நன்மை தரும் இந்த எளிய வேலை இரண்டில் எந்த மேசையின் முதல் வேலையும் அல்ல.

கரித்துகளுக்கு ஒரு குணம் உண்டு. காபனீரொட்சைட் வானில் நூற்றாண்டுகள் தங்கும். கரித்துகள் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள். இருக்கும் வரை வெயிலை உறிஞ்சிச் சூடேற்றும். நிறுத்தினால் உடனே குறையும். 2011 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டமும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு, கரித்துகளையும் மீதேனையும் குறைக்கும் 16 வழிகளைச் சொன்னது. அவற்றில் நல்ல அடுப்பும் ஒன்று. அவற்றைச் செய்தால் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய அரைப் பாகை வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம், பல இலட்சம் உயிர்களையும் காக்கலாம் என்றது.

"இலங்கை உலகத்தைச் சூடாக்கவில்லையே, நமக்கேன் இந்தச் சுமை" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. காபனீரொட்சைட்டில் நாம் செய்யும் சேமிப்பு உலகம் முழுவதும் கரைந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் புகையில் செய்யும் சேமிப்பு இந்தக் காம்பராவுக்குள்ளேயே, அந்த வாரத்திலேயே தங்கும். முதல் பயன் நமக்குத்தான்.

பிற நாடுகள் இதைக் காகிதத்தில் கொண்டுவந்திருக்கின்றன. மெக்சிகோ தன் காலநிலை வாக்குறுதியில் 2030க்குள் கரித்துகளை 51 சதவீதம் குறைப்பதாக 2015 இலேயே எழுதியது. சிலி 2020 இல் 25 சதவீதம் என்று எழுதியது. நம்மைப் போலவே விறகில் சமைக்கும் நேபாளம், 2030க்குள் நாலில் ஒரு வீடு முதன்மையாக மின்னடுப்பில் சமைக்கும் என்று அதே 2020 இல் தன் ஆவணத்தில் சேர்த்தது. இந்தியாவில் 2016 இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கேஸ் இணைப்பைக் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது. முதல் சிலிண்டர் தீர்ந்தபின் அடுத்ததை வாங்கக் கூலி போதாத வீடுகள் விறகுக்குத் திரும்பின. அடுப்பைக் கொடுப்பவர் கூலியையும் பார்க்க வேண்டும். நாளாந்தச் சம்பளத்துக்காகப் பல வருடம் போராடிய இந்த அவைக்கு அது தெரியும்.

4. மேசைகள் எப்படிப் பிரிந்தன

இதை வேகமாகக் கடக்கிறேன். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை வந்தது. 1994 இல் முதல் காற்றுத் தர எண்கள். 2001 இல் சுற்றாடல் அமைச்சுக்குள் காற்று வளத்துக்கென ஒரு நிலையம். 2008 இல் அதே அமைச்சுக்குள் காலநிலை மாற்றச் செயலகம். அதே வருடம் வாகனப் புகைப் பரிசோதனை. காற்றுக்கென "தூய காற்று 2025" செயற்றிட்டம் ஒரு பக்கம். 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வழியில் என்ற 2021 ஆம் ஆண்டுக் காலநிலை வாக்குறுதி இன்னொரு பக்கம். மின்சாரம், போக்குவரத்து, பெருந்தோட்டம், சுகாதாரம் ஒவ்வொன்றுக்கும் வேறு அமைச்சு. தெற்காசிய நாடுகள் எல்லை கடக்கும் காற்று மாசு பற்றிய பிரகடனத்தை 1998 இல் மாலேயில் ஒன்றாக ஏற்றுக்கொண்டன. நாடுகளுக்கிடையே பேச இணங்கியவர்கள் அமைச்சுகளுக்கிடையே பேசவும் இணங்கியாக வேண்டும். கலிபோர்னியாவில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்த உருவான காற்று வளச் சபையிடமே 2006 இல் காலநிலைச் சட்டத்தையும் ஒப்படைத்தார்கள். இரண்டும் அங்கே ஒரே மேசைக்கு வந்தன.

நமக்கு இன்னொரு பிரிவினையும் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை பணம் செலவிடுவதைத் தடுத்து வைத்திருந்தது. வரிசையில் நின்று வாக்களித்தோம். வீதிக்கு அந்தப் பக்கம் குப்பை வண்டி வந்தது, இந்தப் பக்கம் வரவில்லை. வராத குப்பையை என்ன செய்வது? பீலிக்கரைக்குப் பக்கத்தில் போட்டு எரித்தோம். பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்தது. 2018 இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தொரு வருடம். அந்தப் புகையும் எந்தக் கோப்பிலும் இல்லை.

5. இங்கே, இந்த வருடம்

பெரிய ஆணைக்குழு எதையும் நான் கேட்கவில்லை. பிரதேச ஒருங்கிணைப்புக் குழு ஏற்கெனவே கூடுகிறது. அதில் வனத் திணைக்களம், தோட்ட நிர்வாகம், பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிராம உத்தியோகத்தர், அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தர் எல்லோரையும் ஒரு மேசையில் உட்கார வைக்க முடியும். கச்சான் தொடங்குமுன், மே மாதக் கூட்டத்தில், தீயும் மழையும் ஒரே நிகழ்ச்சி நிரலாக வரட்டும். எந்தச் சரிவு யாருடையது என்று ஒரே வரைபடத்தில் கோடு போடட்டும். யாருடையது என்று தீராத சரிவுக்கு ஒரு தொலைபேசி எண் குறிக்கட்டும். ஆகஸ்டில் எரிந்த சரிவுகளின் பட்டியல் செப்டெம்பர் முடிவதற்குள் மழை எச்சரிக்கை பார்ப்பவர் கைக்குப் போகட்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

தோட்ட டிஸ்பென்சரியில் இருமலுக்கு வரும் பெண்ணிடம் "வீட்டில் எந்த அடுப்பு" என்று ஒரு கேள்வி கேட்டுப் பதிவேட்டில் எழுதட்டும். 1980களில் பரவத் தொடங்கிய அனகி அடுப்பு இன்றும் சந்தையில் கிடைக்கிறது. ஒரு தீயில் இரண்டு சட்டி வைக்கலாம், விறகும் குறையும். மின்னடுப்புக்குக் கட்டுப்படியாகும் மின்கட்டணம் வரும்வரை அதையாவது ஒவ்வோர் இஸ்தோப்புக்கும் கொண்டுபோகலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது வீடு. மீரியபெத்தவில் தப்பியவர்களுக்கு மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டி 2016 இல் கையளித்தார்கள். டித்வாவுக்குப் பின் இன்னும் பல வீடுகள் எழ வேண்டியிருக்கின்றன. ஒரு வீடு கட்டும்போது மண்ணைப் பார்க்க ஒருவர் வருகிறார், இது நல்லது. கூரையைப் பார்க்க ஒருவர் வருகிறார். அடுப்படியைப் பார்க்க எவரும் வருவதில்லை.

போன வருடம் இந்த மாவட்டத்தில், சரிவு அபாயத்துக்காக இடம்பெயர்த்தவர்களுக்குக் கட்டிய ஒரு புது வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு பேர்ச்சஸ் காணி, சீமெந்துத் தரை, சுவரில் வெள்ளை. குசினிக்குள் ஒரு துரும்பு கரி இல்லை. ஏனென்றால் அங்கே சமைப்பதே இல்லை. புகைபோக்கி வைக்காமல் கட்டிவிட்டார்கள். சுவர் கறுத்துவிடும் என்று அந்த அக்கா வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, பழைய லயத்திலிருந்து கழற்றி வந்த தகரத்தைப் போட்டு, அதற்குள் அடுப்பு வைத்திருந்தார். எனக்குத் தேத்தண்ணி ஊற்ற உள்ளே குனிந்தார். தகரத்தின் உட்புறத்தை நிமிர்ந்து பார்த்தேன். பழைய லயத்தின் கரி அதில் அப்படியே இருந்தது. அதன்மேல் புதுக்கரி படியத் தொடங்கியிருந்தது.